விறகு அடுப்பு இலவசம் என்று யார் சொன்னது?

வீட்டில் ஒரு விறகு அடுப்பு வைக்க எவ்வளவு செலவாகும்? கிராமத்துப் பக்கம் போய்க் கேட்டால் சிரிப்பார்கள். மூன்று கல், கொஞ்சம் களிமண், மெழுகக் கொஞ்சம் சாணம். அவ்வளவுதான். விறகு? ஏரிக்கரையில் சீமைக்கருவேலம் கேட்பாரற்றுக் கிடக்கிறது, வெட்டிக்கொண்டு வந்தால் ஆயிற்று. ஆக மொத்தச் செலவு பூஜ்யம்!

இந்தப் பூஜ்யம் ஒரு மோசடிக் கணக்கு. காலங்காலமாக நடக்கிற மோசடி என்பதால் யாருக்கும் உறைப்பதில்லை.

பேனாவும் பேப்பரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 16 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. சமையல் எரிவாயுவில் கிலோவுக்குச் சுமார் 46. அதோடு போகவில்லை. மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் 15 சதவீதம் பானைக்குப் போனாலே பெரிய விஷயம், மீதி காற்றோடு போய்விடும். கேஸ் அடுப்பில் 60 சதவீதமாவது பாத்திரத்துக்குப் போகும். இதையெல்லாம் பெருக்கி வகுத்தால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்கிற வேலைக்குக் குறைந்தது 160 கிலோ விறகு வேண்டும்.

தலையில் ஒரு நடைக்கு 20 கிலோ என்று வைத்தாலும் 8 நடை. வெட்ட, கட்ட, சுமக்க, பிளக்க, காயவைக்க என்று நடைக்கு அரை நாள் என்றால் 4 நாள் வேலை. 2024-25ல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். 4 நாளுக்கு 1,276 ரூபாய். 2024 மார்ச்சில் விலை குறைத்த பிறகு சென்னையில் ஒரு சிலிண்டர் 818 ரூபாய் 50 காசு. அதுவும் மானியம் கழிக்காத விலை!

எது மலிவு? எது விலை அதிகம்?

அப்படியானால் விறகு எப்படி இலவசம் ஆனது? ரொம்பச் சுலபம். சுமப்பது பெண். அவளுக்குக் கூலி கிடையாது. கூலி கொடுக்காத வேலை எந்த வீட்டுக் கணக்கு நோட்டிலும் ஏறாது. "செலவில்லை" என்று சொல்கிறவர்கள் சொல்ல வருவது, "செலவு எங்களுடையது இல்லை" என்பதைத்தான்.

இது விறகுக்கு மட்டும். புகைக்கான பில் தனி. விறகு, வரட்டி, கரி, மண்ணெண்ணெய் என்று வீட்டுக்குள் எரிப்பதால் வரும் புகையால் 2020ல் மட்டும் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 5 வயது நிரம்பாத குழந்தைகள். நிமோனியா, மாரடைப்பு, பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு... ஊதுகுழலோடு உட்கார்ந்திருப்பவளுக்கும் அவள் இடுப்பில் இருக்கும் பிள்ளைக்கும்தான் முதல் பங்கு.

உடனே ஒரு கூட்டம் வரும். "எங்க பாட்டி 90 வயசு வரைக்கும் விறகு அடுப்புலதான் சமைச்சாங்க, நல்லாத்தான் இருந்தாங்க." சந்தோஷம். ஆனால் 50 வயதில் இருமி இருமிச் செத்துப்போன பாட்டிகளைப் பற்றிப் பெருமை பேச யாரும் வருவதில்லையே!

அடுத்த கூட்டம் ருசிக் கூட்டம். நெடுஞ்சாலை ஓரமெல்லாம் "விறகு அடுப்புச் சமையல்" என்று போர்டு. மொட்டை மாடியில் மண் அடுப்பு போட்டு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் வாரத்தில் ஒரு நாள் ஆசைக்கு மூட்டுவதும், தினம் மூன்று வேளை வேறு வழியில்லாமல் மூட்டுவதும் ஒன்றா? ருசி சாப்பிடுகிறவர் நாக்கில், புகை சமைக்கிறவர் கண்ணில்.

சரி, புகையில்லா அடுப்பு போட்டால் என்ன? போட்டுப் பார்த்தாயிற்று. 1980களின் நடுவில் தொடங்கி 2002 வரை மத்திய அரசே 3 கோடிக்கும் மேல் போட்டது. ஒடிசாவில் புகைக்குழாய் வைத்த மண் அடுப்புகளைப் பொருளாதார அறிஞர் எஸ்தர் டஃப்லோவும் அவர் சகாக்களும் நான்கு வருடம் பின்தொடர்ந்தார்கள். வீட்டுக்காரர்கள் கொடுக்க வேண்டிய பணம் வெறும் 30 ரூபாய். முதல் வருடம் சுவாசித்த புகை குறைந்தது. அப்புறம் அடுப்பு விரிசல் விட்டது, குழாயில் கரி அடைத்தது, சுத்தம் செய்ய ஆளில்லை. பழைய கதைதான். அடுப்பு வைக்கும் செலவை மட்டும் பார்த்து, அதைப் பராமரிக்கும் செலவை மறந்தால் இப்படித்தான் ஆகும்.

கேஸ் விஷயத்திலும் அரசு இதே தப்பைத்தான் செய்தது. 2016 மே மாதம் உஜ்வாலா திட்டம் வந்தது. இணைப்புக்கு 1,600 ரூபாய் உதவி, கோடிக்கணக்கில் இணைப்புகள், பெட்ரோல் பங்க் தோறும் விளம்பரம். ஆனால் ஒரு வருடம் முடித்த 1 கோடியே 93 லட்சம் பயனாளிகள் வாங்கிய சிலிண்டர், சராசரியாக வருடத்துக்கு 3.66 தான் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2019ல் போட்டு உடைத்தார். மூன்றரைச் சிலிண்டரில் ஒரு குடும்பம் வருடம் முழுக்கச் சமைக்குமா? விறகு அடுப்பு அணையவே இல்லை, பக்கத்தில் ஒரு கேஸ் அடுப்பு காட்சிப் பொருளாக உட்கார்ந்தது. தனி மானியம் என்று 200 ரூபாய் வந்ததே 2022 மே மாதம்தான். 2023 அக்டோபரில் அது 300 ஆனது.

"அவங்களுக்கு விறகுதான் பழக்கம், மாத்த முடியாது" என்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளும் அதில் உண்டு. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும், 18 மாதத்துக்கு எரிவாயுவும் இலவசமாக வீட்டுக்கே வந்தன. அவர்கள் விறகு அடுப்பைக் கிட்டத்தட்ட முழுசாகவே மறந்தார்கள். சுவாசித்த நுண்துகள் மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்காக இருந்தது. (பிறந்த குழந்தைகளின் எடை எதிர்பார்த்தபடி கூடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேஸ் சர்வரோக நிவாரணி அல்ல.) ஆனால் பழக்கம் என்ற சாக்கு அங்கேயே செத்துவிட்டது. தடை பழக்கம் இல்லை, காசு.

காசு என்றால் யார் காசு? விறகு சுமக்கிற நான்கு நாளை எந்தக் கடையிலும் கொடுத்து சிலிண்டர் வாங்க முடியாது. ரொக்கம் வேண்டும். அந்த ரொக்கம் பெரும்பாலும் ஆண் கையில். போன் ரீசார்ஜுக்கும் டாஸ்மாக்குக்கும் அவிழும் முடிச்சு, சிலிண்டர் என்றதும் இறுகிவிடும். "அதான் விறகு சும்மா கிடக்கே?"

எனவே அரசு இணைப்புகளின் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுவதை நிறுத்தட்டும். ஏழை வீட்டில் வருடத்துக்கு எத்தனை சிலிண்டர் தீர்ந்தது என்று எண்ணட்டும், அதற்கேற்ப மானியத்தை வைக்கட்டும். வீட்டில் இருக்கிற ஆண்கள் மாதச் செலவு நோட்டில் "விறகு" என்று ஒரு வரி புதிதாக எழுதி, எதிரே 1,276 என்று போட்டுப் பார்க்கட்டும்.

அதற்குப் பிறகும் இலவசம் என்று சொல்ல மனசு வந்தால், நாளைக் காலை அரிவாளையும் சும்மாட்டுத் துணியையும் எடுத்துக்கொண்டு அவர்களே கிளம்பட்டும்.