கையால் செய்தால்தான் உயிரா?

சென்ற மாதம் தருமபுரியில் நடந்த இலக்கியக் கூட்டமொன்றில், நான் மதிக்கும் கவிஞர் ஒருவர் மிகுந்த வேதனையோடு பேசினார். மனித உயிரணுக்களை இயந்திரங்கள் உற்பத்தி செய்யத் தொடங்கிவிட்டன, கருவறையின் வேலையைத் தொழிற்சாலை பறித்துக்கொண்டது, இனி மனிதனும் ஒரு பண்டமே என்றார். அரங்கம் கைதட்டியது. 'இயந்திரம்' என்ற சொல்லைப் பழித்தால் கைதட்டுவது நம்மவர்களின் நெடுநாள் வழக்கம். நான் தட்டவில்லை. ஏன் என்று அன்று சொல்ல வாய்க்கவில்லை, இங்கே சொல்கிறேன்.

ஏரியூரில் என் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருவர் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வருவதில்லை. வருகைக் குறைவுக்காக அழைத்துக் கண்டித்தபோதுதான் தெரிந்தது, தம்பிக்குத் தலசீமியா. பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பதால், இரத்தம் ஏற்ற அவனைப் பென்னாகரம் வழியாகத் தருமபுரிக்கு அழைத்துச் செல்பவர் இவர்தான். கண்டித்ததற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அந்தச் சிறுவனின் நோய்க்கு உலகில் சிகிச்சை இல்லாமல் இல்லை. நோயாளியின் உடலிலிருந்தே குருத்தணுக்களை எடுத்து (ஸ்டெம் செல்லுக்குக் குருத்தணு என்று பெயரிட்டவர் வாழ்க), அவற்றின் மரபணுவைத் திருத்தி, அவருக்கே திருப்பிச் செலுத்தும் 'காஸ்ஜெவி' சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி அளித்தது. 2023இல் அமெரிக்காவில் அதற்கு அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் ஏறக்குறைய 18 கோடி ரூபாய்.

இவ்விலையில் காப்புரிமையும் இலாப வேட்டையும் பெரும்பங்கு வகிக்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கவிஞர் போற்றும் அந்தக் கைக்கும் இதில் பங்குண்டு. மாத்திரை என்றால் ஒரே கலவையிலிருந்து இலட்சக்கணக்கில் வார்க்கலாம். இங்கோ ஒவ்வொரு நோயாளியும் தனித்தனி உற்பத்தி. தூய்மை அறைக்குள், தலைமுதல் கால்வரை மூடிய வல்லுநர்கள், நாள்கணக்கில் அணுக்களைப் பிரித்து, கழுவி, ஊட்டி வளர்க்க வேண்டும். குடுவையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கிருமி நுழைய வாய்ப்புண்டு. நுழைந்தால் அத்தனையும் வீண்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புரியாத செய்தியன்று. ஏடு பெயர்த்து எழுதியவர்கள் அனைவரும் கைத்திறன் மிக்கவர்களே. ஆயினும் ஒருவர் எழுதிய படியும் மற்றொருவர் எழுதிய படியும் ஒத்திருந்தனவா? பாடபேதங்களை ஆராய்ந்தே என் முதுகலை முடிந்தது. உயிரணுவிலும் கைக்குக் கை பேதம் உண்டு. அங்கே பிழைபட்ட படி ஏறுவது நோயாளியின் நரம்பில்.

ஜப்பானின் கோபே நகரில் அறிவியலாளர்கள் இந்தப் பேதத்தையே ஆராய்ந்தார்கள். குருத்தணுக்களை விழித்திரை நிறமி அணுக்களாக மாற்றும் வேலையை இரு கைகள் கொண்ட ரோபோவிடமும், சோதனை முறையைத் திருத்திக்கொண்டே செல்லும் ஒரு கணினி நிரலிடமும் ஒப்படைத்தார்கள். நாற்பது நாள் வளர்ப்புச் சோதனைகள் 216. முடிவில் விளைச்சல் தொடக்கத்தில் இருந்ததைவிட 88 விழுக்காடு மேம்பட்டதாக 2022இல் வெளியிட்டார்கள்.

கோபே தொலைவு என்றால், வேலூர் நமக்குப் பக்கம்தான். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி, 'வெல்கார்ட்' என்ற ஆய்வில், இரத்தப் புற்றுநோயாளிகள் பத்துப் பேருக்கு அவரவர் உடலிலிருந்தே எடுத்த டி-செல்களை, மருத்துவமனையிலேயே தானியங்கிக் கருவியில் மாற்றியமைத்துச் செலுத்தியது. டி-செல் குருத்தணு அன்று. ஆனால் காந்தத்தால் பிரித்தல், கழுவுதல், வளர்த்தல் என்று இரண்டுக்கும் தேவைப்படும் வேலைகள் நெருங்கியவை. அனைத்தும் ஒரே மூடிய குழாய்த் தொகுதிக்குள், அறைக்காற்று படாமல் நடக்கும். ஏறக்குறைய ஒன்பது நாளில் தயாரிப்பு முடிந்தது. சராசரியாக பதினைந்து மாதக் கண்காணிப்புக்குப் பின்னும் பத்தில் எட்டுப் பேரிடம் புற்று இல்லை. செலவு வெளிநாட்டு விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2025இல் அறிவித்தது. பத்துப் பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அந்தப் பத்துப் பேரில் எவரும் பண்டமாகிவிடவில்லை.

கைத்தறிக்காகப் பேசியவன் நான், இனியும் பேசுவேன். அங்கே விசைத்தறி வந்தபோது நெசவாளியின் சோறு போயிற்று. இங்கே கை மட்டுமே இருப்பதால் நோயாளி சாகிறான். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவர்களுக்கு ஒரு கேள்வி. ஊர் ஊராகச் சுவரொட்டி ஒட்டி, மூளைவாதத்திலிருந்து மூட்டுவலி வரை ஸ்டெம் செல்லால் தீர்ப்பதாகச் சொல்லும் கூடங்களில், ஊசிக்குள் இருப்பது என்ன, எவர் கை தயாரித்தது, எந்தக் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது? சில இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றம் போன்ற ஏற்கப்பட்டவை நீங்கலாக, மற்றவற்றை முறையான ஆய்வுக்கு வெளியே செய்யலாகாது என்று 2017இன் தேசிய வழிகாட்டு நெறிகள் தெளிவாகவே கூறின. எங்கள் ஒன்றியத்தில் ஒரு குடும்பம் அப்படியொரு கூடத்துக்காக நிலத்தை விற்றது. அதைப் பற்றி எந்தக் கவிஞரும் வேதனைப்பட்டு நான் கேட்டதில்லை. இயந்திரம் வெப்பநிலையையும் ஒவ்வொரு படிநிலையையும் பதிவு செய்கிறது. எவர் கேட்டாலும் காட்டலாம்.

அஞ்ச வேண்டியது வேறொன்று. கருவியை ஒருமுறை வாங்கினால் தீராது. ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய குழாய்த் தொகுதி வேண்டும், வேதிப்பொருள்கள் வேண்டும். விற்போர் உலகில் மிகச் சிலர். கருவியைக் குறைந்த விலைக்குத் தந்து, தொகுதியில் கறக்க அவர்களுக்கு எவ்வளவு நேரமாகும்? ஆகவே அரசு மருத்துவக் கல்லூரிகளில் இக்கருவிகள் வேண்டும், குழாய்த் தொகுதிகள் இங்கேயே தயாராக வேண்டும் என்று கேட்போம். இவ்வாண்டு நிதிநிலை அறிக்கைக்கு முன்பாக அப்படியொரு மனுவை எழுதியிருக்கிறேன். முதல் கையெழுத்து அந்த மாணவியுடையது. கவிஞருக்கும் ஒரு படி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.