'நுரையீரல் போச்சு' என்பது தீர்ப்பல்ல

கொரோனா கடுமையாகத் தாக்கிப் பிழைத்தவர்களைப் பற்றிக் கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஊர்களில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. "அவருக்கு நுரையீரல் போச்சுங்க. மாத்தணும்னா மெட்ராசுக்குத்தான் போவணும். நமக்கெல்லாம் கட்டுப்படியாவுமா?" நைனார்பாளையத்தில் கரும்புக் கட்டைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிடும் ஆளுக்கும், கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் மேடேறும்போது மூச்சு வாங்கும் பெண்ணுக்கும் இதே பதில்தான் கிடைக்கிறது. ஆறுதல்போலச் சொல்லப்படும் இந்தப் பேச்சு, மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டியவர்களை வீட்டிலேயே உட்கார வைக்கிறது. இதில் உள்ள ஒவ்வொரு கூற்றும் பிழை.

முதலில், 'போச்சு' என்ற சொல். 2021 மே மாதம் இரண்டாம் அலையின்போது சிடி ஸ்கேன் அறிக்கையில் 25-க்கு 18 என்று ஒரு மதிப்பெண் வரும். அதைப் பார்த்துவிட்டு, நுரையீரலில் முக்கால் பங்கு அழிந்துவிட்டது என்று குடும்பமே அழுதது. அந்த எண் அழிவின் அளவு அல்ல. அன்றைய தேதியில் நுரையீரலில் எவ்வளவு பரப்பில் அழற்சியும் நீர்க்கோவையும் இருந்தன என்பதைத்தான் அது காட்டியது. ஸ்கேனில் வெண்மையாகத் தெரிந்த இடமெல்லாம் தழும்பு ஆவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அந்த நிழல் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கரைந்தது. மூச்சின் அளவும் ஏறியது. நிரந்தரத் தழும்பு தங்கியது ஒரு சிறு பகுதியினருக்கே.

இதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. 2021-இல் குரோம்பேட்டை ரேலா மருத்துவமனையில் 56 வயதுக்காரர் ஒருவர் எக்மோ கருவியிலும் வென்டிலேட்டரிலுமாக 109 நாட்கள் இருந்தார். எக்மோ என்பது உடலுக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி. நுரையீரல் மாற்று வேண்டியிருக்கும் என்று கருதப்பட்ட அவர், மாற்று அறுவையே இல்லாமல் சொந்த நுரையீரலுடன் வீடு திரும்பினார். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான எடுத்துக்காட்டு தேவையில்லை. மாற்று அறுவை பற்றி யோசிப்பதற்கு முன் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரமாவது நுரையீரலுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும் என்று உலகின் முன்னணி மாற்று நிபுணர்கள் 2020-லேயே எழுதி வைத்ததும் இதனால்தான்.

அடுத்தது, அறுவை என்றாலே மாற்று அறுவைதான் என்ற எண்ணம். பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது.

கொரோனாவில் பழுதடைந்த நுரையீரலின் மேற்பரப்பு சில சமயம் கிழிந்து, காற்று வெளியே கசிந்து நெஞ்சுக்கூட்டில் தேங்கும். நுரையீரல் சுருங்கிப்போகும். நன்றாகத் தேறி வந்தவருக்குத் திடீரென நெஞ்சில் குத்து வலி, மூச்சுத் திணறல். பார்க்கப் பயங்கரமானது, ஆனால் விலா எலும்புகளுக்கிடையே ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் உள்ள பாட்டிலில் விட்டால் காற்று வெளியேறி நுரையீரல் மறுபடி விரியும். கசிவு நிற்காத சிலருக்கு மட்டும், சிறு துளைகள் வழியே கேமராவை விட்டுக் கிழிசலை அடைக்க வேண்டியிருக்கும்.

தேங்குவது சீழாக இருந்தாலும் முதலில் குழாய்தான். சீழ் இறுகி நுரையீரலைச் சுற்றித் தடித்த உறையாகப் படிந்துவிட்டால் அந்த உறையை உரித்தெடுக்கிறார்கள். காசநோயோடு தலைமுறைகளாகப் போராடும் தமிழ்நாட்டுக்கு இது பழைய வித்தை. தாம்பரம் சானடோரியம் தொடங்கியது 1928-இல். வேலூர் சி.எம்.சி.யில் ரீவ் பெட்ஸ் நெஞ்சு அறுவைத் துறையை நிறுவியது 1940-களின் இறுதியில். கருப்புப் பூஞ்சை நுரையீரலைப் பிடித்தவர்களுக்கு மருந்தோடு சேர்த்து, கெட்டுப்போன மடலை மட்டும் வெட்டியெடுத்ததும் உண்டு.

இவற்றையெல்லாம்விடக் கவனம் கோருவது மூச்சுக்குழல் சுருக்கம். வென்டிலேட்டருக்காக வாய்வழியே விட்ட குழாயோ, கழுத்தில் துளையிட்டு வைத்த குழாயோ நாட்கணக்கில் உள்ளே இருக்கும்போது, அதன் முனையிலுள்ள சிறு பலூன் மூச்சுக்குழலின் உட்சுவரை அழுத்துகிறது. புண் ஆறும்போது தழும்பு சுருங்கி வழியைக் குறுக்கும். வீட்டுக்கு வந்து சில வாரம், சில மாதம் கழித்துத்தான் இது தெரியும். மூச்சை உள்ளிழுக்கும்போது விசில் போன்ற சத்தம் வரும். நடந்தால் இரைக்கும். பலருக்கு இது 'வீசிங்' என்று பெயர் பெற்று, இன்ஹேலரும் ஆஸ்துமா மாத்திரையும் தொடர்கின்றன. நோய் நுரையீரலிலேயே இல்லை. கழுத்தருகே சில சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கிறது. குழாய் கேமரா விட்டுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். விரித்துவிடலாம். விரித்தது நிலைக்காவிட்டால், குறுகிய துண்டை வெட்டியெடுத்து இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடலாம். நல்ல முறையில் செய்தால் பெரும்பாலோர் பழைய மூச்சுக்குத் திரும்புகிறார்கள். 'நுரையீரல் போச்சு' என்று சொல்லி ஒருவரை வீட்டில் உட்கார வைப்பது இங்கே எவ்வளவு கொடிய அநியாயம்!

'மெட்ராசுக்குத்தான் போவணும்' என்பதும் அப்படியே சரியல்ல. நெஞ்சில் குழாய் போடுவது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அன்றாடம் நடக்கும் வேலை. 2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு அப்போது மருத்துவக் கல்லூரி கிடையாது. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் கள்ளக்குறிச்சியும் ஒன்று. அதைத் தாண்டினால் சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர். பெரிய அறுவைக்கு மட்டும்தான் இன்னும் தூரம் போக வேண்டும். செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

மாற்று அறுவையே தீர்வு என்ற நிலையில் சிலர் இருப்பது மெய்தான். 2020 ஆகஸ்ட் இறுதியில் சென்னை எம்.ஜி.எம். ஹெல்த்கேரில் டாக்டர் கே.ஆர்.பாலகிருஷ்ணன் குழு, காசியாபாத்திலிருந்து விமானத்தில் கொண்டுவரப்பட்டு ஒரு மாதத்துக்கும் மேல் எக்மோவில் இருந்த 48 வயதுக்காரருக்கு இரு நுரையீரல்களையும் மாற்றியது. அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவில் கொரோனா நோயாளிக்கு முதல் இரட்டை நுரையீரல் மாற்றைச் சிகாகோவில் செய்த அங்கித் பரத், வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர். 2020 ஆகஸ்ட் முதல் 2021 செப்டம்பர் வரை அமெரிக்காவில் நடந்த 3,039 நுரையீரல் மாற்றுகளில் 214 கொரோனாவால் நேர்ந்தவை. மூன்று மாதம் கழித்தும் அவர்களில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் உயிருடன் இருந்தனர்.

அமெரிக்காவில் கோடிக்கணக்கானோருக்குத் தொற்று வந்த காலம் அது. அதில் 214 பேர்! மாற்று அறுவை எவ்வளவு அரிதான தேவை என்பதற்கு அந்த எண்ணே போதும். மாற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதுமில்லை. உடல் புதிய உறுப்பை நிராகரிக்காதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டும். அந்த மருந்தால் தொற்றுகள் எளிதில் வரும். நுரையீரல் மென்மையான உறுப்பு என்பதால் மூளைச்சாவு அடைந்தவர்கள் பலரிடமிருந்து சிறுநீரகமும் கல்லீரலும் கிடைத்தாலும் நுரையீரல் சிலரிடமிருந்தே கிடைக்கும். இருக்கும் நுரையீரலைக் காப்பதே முதல் வேலை என்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஆகவே, கொரோனாவுக்குப் பின் இன்னும் மூச்சு வாங்குபவர்கள் நெஞ்சுநோய் மருத்துவரை ஒருமுறையாவது பாருங்கள். வென்டிலேட்டரில் இருந்தீர்களா, எத்தனை நாள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பழைய ஸ்கேனைத் தூக்கிப் போடாமல் புதியதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், காசநோயும் இதே முகத்தோடு வரும். நடக்கவே முடியாதவர்களுக்கு, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.