ஷிரீனுக்கு அழுத கண்ணு, வாட்ச்மேன் கையைப் பார்த்தா ஏன் சுருங்குது?

1/ கொஞ்சம் நீளமான இழை. கேம் ஆஃப் த்ரோன்ஸ் ரசிகர்கள் கட்டாயம் படிக்கணும். இன்னும் பார்க்காதவங்களுக்கு: கதை முழுக்க ஸ்பாய்லர் இருக்கு, அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

2/ முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நானும் வெறித்தனமான ரசிகன்தான். 2019-ல கடைசி சீசன் வந்தப்ப, திங்கட்கிழமை காலை 6.30 மணிக்கு எபிசோடைப் பார்த்துட்டு, சாப்பிடாம டூட்டிக்கு ஓடின ஆள். "மாயமந்திரம், டிராகன், கத்திச் சண்டை, இதெல்லாம் படிச்சவன் பாக்கறதா?"னு கேக்கற பெருசுங்க கட்சியில நான் இல்லை. என் சண்டை நம்ம ஆளுங்களோடதான்.

3/ போன வாரம் ஆர்.எஸ்.புரத்துல நான் குடியிருக்கற அபார்ட்மெண்ட்ல, நண்பர் வீட்டுல நாலஞ்சு பேர் பழைய சீசன்களை மறுபடி ஓட்டிட்டு இருந்தோம். ஐந்தாவது சீசன், ஒன்பதாவது எபிசோட். மந்திரக்காரி மெலிசாண்ட்ரே பேச்சைக் கேட்டு, ஸ்டானிஸ் தன் சொந்த மகள் ஷிரீனையே உயிரோடு எரிக்கறான். 2015-ல உலகமே திட்டித் தீர்த்த காட்சி. அன்னிக்கும் அறையில யாரும் பேசலை. ஒருத்தர் கண்ணைத் துடைச்சுட்டு எழுந்து போயிட்டார்.

4/ ஷிரீன் யாருன்னு ஞாபகம் இருக்கா? குழந்தையா இருக்கும்போதே கிரேஸ்கேல் நோய் வந்தவ. தோல் கல்லு மாதிரி ஆகற நோய். நோய் முத்தினவங்களை ஊரை விட்டே துரத்திடுவாங்க. அவளை அனுப்ப அப்பன் மறுத்தான், வைத்தியர்களை வரவழைச்சான், நோய் நின்னுபோச்சு. ஆனா கன்னத்துல தழும்பு தங்கிடுச்சு. பெத்த தாயே கூச்சப்பட்டு அவளை அறைக்குள்ள வெச்சிருந்தா. அந்தப் புள்ளைதான் எழுதப் படிக்கத் தெரியாத டாவோஸுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தது.

5/ நோய் போச்சு, தழும்பு மட்டும் மிச்சம். இதை மனசுல வெச்சுக்கோங்க.

6/ எபிசோட் முடிஞ்சு டீ வந்துச்சு. பேச்சு அப்படியே அசோசியேஷன் பக்கம் திரும்புச்சு. எங்க வாட்ச்மேன் அய்யாவுக்கு வலது கையில மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியே இருக்கும். தொழுநோய் வந்து, 12 மாசம் மருந்து முழுசா சாப்பிட்டு, குணமாகி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. (அவர்கிட்ட கேட்டுட்டுதான் இதை எழுதறேன்.) "குழந்தைங்க இருக்கற இடம், வேற ஆளைப் போட்டுடலாம்"னு ஒரு கடிதம் சுத்துது. அதுல கையெழுத்துப் போட்டவங்கள்ல ஒருத்தர், கொஞ்ச நேரம் முன்னாடி ஷிரீனுக்காகக் கண்ணைத் துடைச்சவர்.

7/ எனக்கு வந்த கோபத்தை அங்கே முழுசாக் கொட்ட முடியலை. இங்கே கொட்டறேன்.

8/ தொழுநோய் சாபமும் இல்லை, பரம்பரை வியாதியும் இல்லை. அது ஒரு பாக்டீரியா. 1873-லயே நார்வேயில ஹேன்சன் கண்டுபிடிச்சுட்டார். பெரும்பாலான மனுஷங்களுக்கு இயற்கையாவே அதை எதிர்க்கற சக்தி இருக்கு. சிகிச்சை எடுக்காத நோயாளியோட மாசக்கணக்குல நெருங்கி வாழ்ந்தாத்தான் தொற்ற வாய்ப்பு. கை குலுக்கினா வராது, பக்கத்துல உக்காந்தா வராது, ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சா வராது. கூட்டு மருந்து ஆரம்பிச்சதுமே பரப்பற தன்மை போயிடும். ஆறு மாசம் அல்லது பன்னிரண்டு மாசம், அரசு மருத்துவமனையில இலவசம்.

9/ அப்ப அந்த மடங்கின விரல்? அது நோய் இல்லை, நோய் விட்டுட்டுப் போன சேதம். நரம்பு அடிபட்டதால விரல் மடங்கிடுச்சு. உணர்ச்சி இல்லாததால சூடு பட்டாலும் வெட்டுப் பட்டாலும் தெரியாது, புண்ணாகும். அழுகி விழறது இல்லைங்க, வலி தெரியாம அடிபடறது. இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன டாக்டர் பால் பிராண்ட் வேலை பார்த்தது நம்ம வேலூர்ல. மடங்கின விரலை ஆபரேஷன் பண்ணி நிமிர்த்தற வித்தையை அவர் வளர்த்தெடுத்ததும் அங்கேதான்.

10/ "டாக்டர், இது வெறும் கதை, இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேப்பீங்க. சம்பந்தம் இருக்கு. கதைதான் நம்ம பயத்தை உருவாக்குச்சு. 1954-ல வந்த ரத்தக்கண்ணீர். எம்.ஆர்.ராதா நடிப்புக்கு நானும் அடிமை. ஆனா படம் சொன்ன வைத்தியம்? கண்ட இடத்துக்குப் போனவனுக்குத் தண்டனையா தொழுநோய் வரும்னு. சுத்தப் பொய். அது ஒழுக்கத்தோட கணக்குத் தீர்க்கற வியாதி இல்லை. எழுபது வருஷம் ஆகியும் அந்தக் குரல்ல மிமிக்ரி பண்ணிச் சிரிக்கறோம். அந்தப் பயத்துல நோயை மறைக்கறவங்க என் ஓ.பி.க்கு விரல் மடங்கினதுக்கு அப்புறம்தான் வர்றாங்க.

11/ ஒரு அம்மா வந்தாங்க. தோள்ல வெளிறின படை, தொட்டா உணர்ச்சி இல்லை. ரெண்டு வருஷமா முந்தானையால மூடியே வெச்சிருக்காங்க. கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க டாக்டர், இது மருமகளுக்குத் தெரிஞ்சா எனக்குத் தனி வட்டல் வெச்சிருவாளுங்களா?" நோயைப் பத்திக் கேக்கலை. வட்டலைப் பத்திக் கேட்டாங்க.

12/ சட்டமும் நம்மள மாதிரிதான் இருந்துச்சு. நோயாளிகளை அடைச்சு வைக்கச் சொன்ன 1898-ம் வருஷத்துச் சட்டம் ரத்தானது 2016-ல. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய்னா விவாகரத்து கேக்கலாம்ங்கற பிரிவை நாடாளுமன்றம் நீக்கினது 2019 பிப்ரவரியில. அதே வருஷம் மே மாசம் கேம் ஆஃப் த்ரோன்ஸ் முடிஞ்சது. அதாவது, முதல் சீசன்ல இருந்து ஏழாவது சீசன் வரைக்கும் நாம ஷிரீனுக்கும் ஜோராவுக்கும் உருகிட்டு இருந்த காலம் பூரா, நம்ம ஊர்ல இந்த நோய் விவாகரத்துக்குக் காரணம்.

13/ ஜோராவை நினைச்சுப் பாருங்க. எவ்வளவு பெரிய வீரன்! அவனே கையில வந்த கிரேஸ்கேலை சட்டைக்குள்ள மறைச்சுத்தான் சுத்தினான். டேனேரிஸ்கிட்ட காட்டினப்ப அவ துரத்தலை. குணமாகித் திரும்பி வரணும்னு கட்டளை போட்டா. நாம எல்லாரும் கை தட்டினோம். அதைத்தாங்க நானும் கேக்கறேன். இங்கே சாம்வெல் மாதிரி ராத்திரி முழுக்கத் தோலை உரிக்க வேண்டியதில்லை. மாத்திரை போதும்.

14/ உலகத்துல புதுசாக் கண்டுபிடிக்கப்படற தொழுநோயாளிகள்ல பாதிக்கு மேல இந்தியாவுலதான். அதனால: வெளிறின அல்லது சிவந்த படை, அரிப்பு இல்லை, தொட்டா உணர்ச்சி இல்லைன்னா, அடுத்த நாளே ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டுங்க. சீக்கிரம் வந்தா விரல் மடங்காது. மறைக்க வேண்டாம். மறைக்க வைக்கவும் வேண்டாம்.

15/ வாட்ச்மேன் அய்யாகிட்ட பேசினேன். "விடுங்க தம்பி, எனக்கு இது பழகினதுதானுங்க"ன்னார். அந்த வார்த்தைதான் என்னைத் தூங்க விடலை. பழக்கி வெச்சது நாமதானே?

16/ ஷிரீனை எரிச்சவனுக்கு மந்திரக்காரி சொன்னான்னு ஒரு சாக்காவது இருந்துச்சு. நமக்கு என்ன சாக்கு? எல்லாரும் படிச்சவங்க. ஞாயித்துக்கிழமை அசோசியேஷன் மீட்டிங். நான் போறேன். கையெழுத்துப் போட்ட நண்பரே, இதைப் படிப்பீங்கன்னு தெரியும். நீங்க கெட்டவர் இல்லை, நீங்க அழுததை நான் பார்த்தேன். அந்த மனசோட வாங்க, பேரை அடிச்சுட்டுப் போங்க.