முழங்கைக்குக் கீழே ஒரு வழக்கு

2023 ஜூனில் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி முதல்வருக்கு மாணவிகள் ஏழு பேர் ஒரு கடிதம் கொடுத்தார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குள் ஹிஜாப் அணிய முடிவதில்லை. அதற்குப் பதிலாக முழுக்கை வைத்த தியேட்டர் சட்டையும், தலையோடு கழுத்தையும் மூடும் உறையும் அணிய விடுங்கள் என்பது அவர்கள் கேட்டது. கடிதம் சமூக ஊடகங்களில் கசிந்தது. அதன்பின் கேட்கவா வேண்டும், மதமா நோயாளியின் உயிரா என்று தொலைக்காட்சிகள் பட்டிமன்றம் வைத்தன. இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை, தியேட்டர் நடைமுறையில் கைவைக்கக் கூடாது என்றது. அறுவை மருத்துவர்களும் தொற்றுக் கட்டுப்பாட்டு வல்லுநர்களும் அடங்கிய குழு பரிசீலிக்கும் என்றார் முதல்வர்.

பட்டிமன்றத்தில் பேசியவர்களில் எத்தனை பேர் தியேட்டரின் கை கழுவும் தொட்டி அருகே நின்று பார்த்திருப்பார்களோ தெரியாது. விவகாரம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. அறுவை மருத்துவர் குழாயை முழங்கையாலோ காலாலோ திறக்கிறார். விரல் நுனியில் தொடங்கி, விரலிடுக்கு, உள்ளங்கை, மணிக்கட்டு என்று தேய்த்துக்கொண்டே முழங்கைக்குச் சற்று மேல்வரை போகிறார். கைகளை உயர்த்திப் பிடித்திருப்பதால் தண்ணீர் விரலிலிருந்து முழங்கை நோக்கி வழிந்து சொட்டுகிறது. அழுக்கு நீர் சுத்தமான விரலுக்குத் திரும்பி வரக் கூடாது. அதற்குத்தான் இந்தப் பாடு. அந்த இடத்தில் ஒரு சட்டைக்கை இருந்தால் நனையும்; நனைந்த துணி கிருமியைத் தோலுக்கும், மேலே போடும் கவுனுக்கும் கடத்தும். இங்கே சமரசத்துக்கு இடமே இல்லை.

ஆனால் கழுவி முடித்து உள்ளே போனவுடன் நடப்பதைக் கவனியுங்கள். கிருமிநீக்கம் செய்த கவுன் கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை மூடிவிடுகிறது. கையுறை மிச்சத்தை மூடுகிறது. தியேட்டரில் அதிகம் மூடியிருப்பவர் கத்தி பிடிப்பவர்தான். அவருடைய வெறுங்கை வெளியே தெரிவது கழுவும் அந்தச் சில நிமிடங்கள் மட்டுமே. சுவரோரம் நின்று வேடிக்கை பார்க்கும் மாணவியோ மேசையைத் தொடப் போவதில்லை. அவர் முழுக்கை போட்டால் என்ன குடிமுழுகிவிடும்? அமெரிக்காவின் அறுவை அரங்கச் செவிலியர் சங்கம் சில ஆண்டுகளுக்கு முன்புவரை, மேசைக்குப் போகாதவர்கள் முழுக்கை மேலங்கி அணிவதே நல்லது என்று பரிந்துரைத்தது. வெறுந்தோலிலிருந்து உதிரும் செதில்கள் காற்றில் கிருமியைப் பரப்பும் என்பது அதன் வாதம். தலையுறையைப் பொறுத்தவரை, வழக்கமான தொப்பியைவிட அது கூடுதலாகவே முடியை மூடுகிறது. ஆக, மாணவிகளின் ஒரே கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. தொட்டியருகே முடியாது, சுவரோரம் தாராளமாக முடியும், தலையுறையை மறுக்கக் காரணமே இல்லை. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ கேட்டதுதான் கோளாறு.

பிரிட்டன் இந்தப் பாதையில் முன்பே நடந்திருக்கிறது. மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமியும், கடும் வயிற்றுப்போக்கு தரும் சி டிஃபிசில் கிருமியும் அங்குள்ள அரசு மருத்துவமனைகளை உலுக்கிய காலம் அது. கென்ட் பகுதியில் மெய்ட்ஸ்டோன், டன்பிரிட்ஜ் வெல்ஸ் மருத்துவமனைகளில் சுமார் 90 பேர் இறந்ததற்கு சி டிஃபிசில் நிச்சயமாகவோ அநேகமாகவோ முக்கியக் காரணம் என்று 2007 அக்டோபரில் விசாரணை அறிக்கை சொன்னது. அதற்கு முந்தைய மாதம்தான் ‘முழங்கைக்குக் கீழே எதுவும் வேண்டாம்’ என்ற விதியை அரசு அறிவித்திருந்தது. முழுக்கைச் சட்டை, கைக்கடிகாரம், வளையல், மருத்துவர்களின் வெள்ளைக் கோட்டு எல்லாவற்றுக்கும் விடைகொடுக்கப்பட்டது. சீருடை வழியே தொற்று பரவுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று அரசு திரட்டிய ஆய்வுத் தொகுப்பே ஒப்புக்கொண்டது. மணிக்கட்டை நன்றாகக் கழுவ வேண்டும், அதற்குத் துணி தடையாக இருக்கக் கூடாது என்பதுதான் உருப்படியான காரணம்.

முஸ்லிம் மாணவிகள் முன்கையைக் காட்டத் தயங்கினார்கள். சீக்கியர்களுக்குக் கையில் காப்பு. 2010இல் வழிகாட்டுதல் திருத்தப்பட்டது. நோயாளியைத் தொடாத நேரத்தில் கையை மூடிக்கொள்ளலாம். தொடும்போது, ஒருமுறை போட்டுக் கழற்றி எறியும் கையுறை போல, தனிக் கைமூடிகளை மாட்டிக்கொள்ளலாம். கைகழுவல் மட்டும் பழையபடி கண்டிப்பு. காப்பை முழங்கை நோக்கி ஏற்றி இறுக்கிக்கொண்டால் போதும். சலுகை என்று கூச்சல் எழுந்தது. கூச்சலிட்டவர்கள் கவனிக்காத ஒன்று, ஆரம்பத்திலிருந்தே அந்த விதியில் ஒரு சலுகை இருந்தது: கல் பதிக்காத கல்யாண மோதிரம். மோதிரத்துக்கு அடியிலுள்ள தோலில் கிருமி அதிகம் தங்குகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2009 கைத்தூய்மை வழிகாட்டியும் அதைச் சொல்கிறது. சொல்லிவிட்டு, பண்பாட்டு அழுத்தம் பலமாக இருந்தால் வார்டில் சாதாரண மோதிரம் இருக்கட்டும், தியேட்டரில் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்று இறங்கி வருகிறது. பெரும்பான்மையின் வழக்கம் என்பதால் யாருக்கும் அது மத விவகாரமாகத் தெரியவில்லை.

விடாப்பிடி பக்தர்களுக்கு மட்டுமே உரியது என்றும் நினைக்க வேண்டாம். காதையும் கிருதாவையும் மூடாத சிறிய தியேட்டர் தொப்பியைக் கைவிடச் சொன்னபோது அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கொதித்தார்கள். அந்தத் தொப்பி தங்கள் தொழிலின் அடையாளம் என்று அவர்களுடைய சங்கம் 2016இல் எழுத்திலேயே அறிவித்தது. பெரிய தொப்பியால் தொற்று குறைவதாகச் சான்று கிடைக்காததால் கடைசியில் அவர்கள் வென்றார்கள் என்பது வேறு கதை.

நம் ஊருக்கு வருவோம். கார்த்திகை பிறந்தால் நம் மருத்துவமனைகளில் மாலை போட்ட ஊழியர்களைப் பார்க்கலாம். தாடி, கழுத்தில் துளசிமணி, சிலர் வெறுங்கால். ரத்தமும் ஊசிமுனையும் சிந்திக் கிடக்கக்கூடிய தரை அது. தாடி மேல் என்95 முகக்கவசம் ஒட்டி உட்காராது. ஓரத்தில் காற்று கசியும். அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கட்டிய காப்புக் கயிறு மஞ்சள் போய்ப் பழுப்பேறி, தினமும் நனைந்து, மணிக்கட்டிலேயே கிடக்கும். இதற்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை, அனுமதி கேட்பதில்லை. ‘சாமி’ என்று கூப்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறோம். கேட்டவர்கள் செய்திக்கு இலக்காகிறார்கள். கேட்காமலே கிடைத்தவர்களுக்குத் தாங்கள் விதிவிலக்கு என்பதே தெரியாது.

நம்பிக்கை உள்ளவர்களே வழி கண்ட சம்பவங்களும் உண்டு. கொரோனா காலத்தில் மாண்ட்ரியாலில் சீக்கிய மருத்துவச் சகோதரர்கள் இருவர் வலியோடு தாடியை மழித்தார்கள். பிரிட்டனில் வேறு சிலர், தாடியை இறுக்கிக் கட்டும் சீக்கியர்களின் பழைய ‘தாட்டா’ முறையைத் துணிக்குப் பதில் ரப்பர் பட்டையில் செய்து, அதன் மேல் முகக்கவசம் போட்டுச் சோதித்தார்கள், பெரும்பாலானோர் தேறினார்கள். ஆல்கஹால் கலந்த கைதேய்ப்பான் முஸ்லிம்களுக்கு ஆகாது என்ற பேச்சும் ஒருகாலத்தில் ஓடியது. தோலில் கிருமிநாசினியாக அதைப் பயன்படுத்தலாம் என்று 2002இல் மெக்காவில் கூடிய இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். சவூதி மருத்துவமனைகளிலேயே அது புழக்கத்தில் இருக்கிறது. டெர்பியில் இளம் மருத்துவர் ஒருவர், நாளெல்லாம் அணிந்த ஹிஜாபோடு தியேட்டருக்குள் போவது தொற்றுக்கு வழி என்று தானே கவலைப்பட்டு, மலேசியாவில் பார்த்ததைச் சொல்லி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் தலைமூடியைக் கொண்டுவரச் செய்தார். 2019 டிசம்பரில் அங்கே அது நடைமுறைக்கு வந்தது.

ரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்று நோயாளி மறுப்பது அவருடைய உடலைப் பற்றிய முடிவு. மருத்துவரின் சட்டைக்கை அப்படி இல்லை. அதன் ஆபத்தைச் சுமப்பவர் மயக்க மருந்தில் கிடக்கிறார், அவரை யாரும் கேட்கவில்லை. ஆகவே கிருமி உண்மையில் கடக்கும் இடங்களில் கண்டிப்பு குறையக் கூடாது. எந்த இடம், எந்த நிமிடம், ஏன் என்று சொல்லவேண்டிய பொறுப்பு மட்டும் மருத்துவமனைக்கு உண்டு. ‘இது நெறிமுறை’ என்று ஒற்றை வரியில் முடித்தால் எதிரில் இருப்பவருக்கு அது விரோதமாகத்தான் கேட்கும்.

எனவே தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு ஒரு தாளில் பட்டியல் போடட்டும்: கயிறு, காப்பு, வளையல், தாடி, வெறுங்கால், முழுக்கை, தலையுறை, ஒவ்வொன்றுக்கும் எங்கே ஆகும், எங்கே ஆகாது, என்ன மாற்று. முதல் வரியில் துறைத் தலைவரின் ராசிக்கல் மோதிரத்தை எழுதிவிட்டால், அதன்பின் மாணவிகளை அழைத்துப் பேசுவதில் சிரமம் இருக்காது.