அழுகை அடங்கினால் போதுமா?

குழந்தைகளை நடத்தும் விதம் காலப்போக்கில் மேம்பட்டதா, சீர்கெட்டதா? குழந்தைகள் வார்டுச் செவிலியர்களான நம் தொழிலின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு விடை இருக்கிறது.

1950-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் பல மருத்துவமனைகளில் பெற்றோர் வாரத்தில் சில மணி நேரமே குழந்தையைப் பார்க்கலாம். தாய் வந்துபோனால் பிள்ளை அழும். வராவிட்டால் சில நாளில் அடங்கிவிடும். பழகிவிட்டது என்று ஊழியர்கள் நிம்மதியடைந்தார்கள். எட்டு நாள் வார்டில் கிடந்த இரண்டு வயதுச் சிறுமியை ஆய்வாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன் படம்பிடித்து 1952-இல் திரையிட்டார். அந்த அமைதி பழக்கமல்ல, ஏக்கம் முற்றிய நிலை என்றார். மருத்துவர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். ஆனாலும் 1959-இல் அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் வருகைக்குக் கட்டுப்பாடு கூடாது என்று பரிந்துரைத்தது.

அறுவை அரங்கிலும் இப்படித்தான். பச்சிளங்குழந்தைக்கு வலி உறைக்காது, வலிநீக்கி மருந்தை அது தாங்காது என்று நம்பி, நைட்ரஸ் ஆக்சைடும் தசை தளர்த்தும் மருந்தும் மட்டும் கொடுத்துக் குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவை செய்தார்கள். தசை தளர்ந்த பிள்ளை எப்படி அழும்? ஃபென்டனில் என்ற வலிநீக்கியும் சேர்த்துக் கொடுத்த குழந்தைகளின் உடல் அறுவையின் அதிர்ச்சியை நன்றாகத் தாங்கியது, பிந்தைய சிக்கல்களும் குறைந்தன என்று மருத்துவர் ஆனந்தும் சகாக்களும் 1987-இல் லான்செட் இதழில் காட்டினார்கள்.

அந்த வார்டு ஊழியர்களோ அறுவை செய்தவர்களோ கல்நெஞ்சர் அல்லர். அன்பு அன்றும் இருந்தது. அமைதியைத்தான் தவறாகப் படித்தார்கள்.

முன்னேற்றம் நேர்கோட்டிலும் வரவில்லை. பிரிட்டன் குழு போட்டுப் பெற்றதை நம் அரசு மருத்துவமனைகள் ஆள் பற்றாக்குறையாலேயே பெற்றுவிட்டன: கட்டிலுக்கடியில் பாய் விரித்து அம்மா படுத்திருப்பாள். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு வந்ததும் அவளை வாசலில் நிறுத்தினோம். குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போது இன்றும், "அம்மா, கொஞ்சம் வெளிய இருங்க" என்கிறோம். பால் குடித்துக்கொண்டிருக்கும்போது குத்தினால் வலி குறைகிறது என்பது உறுதியான பிறகும்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழத் தெம்பில்லாத பிள்ளைகளும் நம்மிடம்தான் இருக்கின்றன. முகச்சுளிப்பும் கைகால் இறுக்கமும்தான் அவற்றின் பேச்சு. வெப்பநிலை, நாடி, மூச்சு குறிக்கும் தாளில் வலிக்கென்றும் ஒரு கட்டம் போடுவோம். அதை ஒவ்வொரு ஷிஃப்டிலும் நிரப்புவோம்.