பாஸ் வாசிச்சவர் யாருங்க?

ஜாஸ் கேட்கிற ரெண்டு பேர் சந்திச்சுக்கிட்டா அஞ்சாவது நிமிஷம் என்ன நடக்கும்னு எனக்கு இப்போ அத்துப்படி. "உங்க டாப் டென் என்ன பாஸ்?" (இந்த பாஸ் வேற, தலைப்புல இருக்கிற பாஸ் வேற!). உடனே லிஸ்ட் கொட்டும். மைல்ஸ் டேவிஸோட 'கைண்ட் ஆஃப் ப்ளூ', கோல்ட்ரேனோட 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்', டேவ் புரூபெக்கோட 'டைம் அவுட்'... லிஸ்ட்டுல தப்பு எதுவும் இல்ல. எல்லாம் தங்கம். ஆனா கவனிச்சுப் பாருங்க, பத்து ஆல்பத்துக்கு பத்தே பத்து பேர் தான் சொல்றாங்க. அந்தப் பத்து ஆல்பத்துலயும் உக்காந்து வாசிச்சவங்க அம்பது பேருக்கு மேல இருப்பாங்க.

என்னோட கட்சி ரொம்ப சிம்பிள். ஒரு ஜாஸ் ஆல்பத்தை இன்னொருத்தருக்கு சிபாரிசு பண்ணும்போது அட்டையில பெரிய எழுத்துல இருக்கிற பேரோட நிறுத்தக் கூடாது. கூட வாசிச்சவங்க பேரையும் சொல்லணும். முக்கியமா பாஸ் யாரு, டிரம்ஸ் யாரு. இது வெறும் மரியாதைக்காக இல்ல. அந்தப் பேர் தெரியலேன்னா ஒரு புது ஆளுக்கு அடுத்த ஆல்பம் எதுன்னு கண்டுபிடிக்கவே வழியில்லாமப் போயிடுது.

சபா கச்சேரிக்குப் போறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாடறது யாருன்னு பாத்த கையோட "பக்கவாத்தியம் யாரு?"ன்னு கேட்டுட்டு தான் டிக்கெட்டே எடுப்பாங்க. மிருதங்கக்காரருக்காகவே கச்சேரிக்குப் போற மாமாக்களை எனக்குத் தெரியும். அந்தப் பழக்கம் நமக்கு ஏற்கனவே இருக்கு, அதை அப்படியே ஜாஸ் பக்கம் கொண்டு வந்தாலே போதும்.

தலைவர் பேரை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போனா என்ன ஆகும்? எங்க டீம்ல ஒரு பையன். எங்கேயோ ஒரு லிஸ்ட் பாத்து 'கைண்ட் ஆஃப் ப்ளூ' கேட்டிருக்கான். சொக்கிப் போயிட்டான். ராத்திரி டிப்ளாய்மென்ட் நேரத்துல அதையே ஓட விட்டுக்கிட்டு இருந்தான். சரி, அடுத்தது? அதே லிஸ்ட்டுல மைல்ஸ் டேவிஸ்னு இன்னொரு ஆல்பம், 'பிட்சஸ் ப்ரூ'. போட்டிருக்கான். ரெண்டு பாஸ், மூணு எலக்ட்ரிக் பியானோ, ஒண்ணுக்கு மேல டிரம்ஸ், கூட எலக்ட்ரிக் கிட்டார். "என்னங்க இது, ஒரே நேரத்துல நாலு மீட்டிங் நடக்கற மாதிரி இருக்கு"ன்னு ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டான். அதோட ஜாஸுக்கும் அவனுக்கும் ஆறு மாசம் பேச்சுவார்த்தை இல்ல.

'பிட்சஸ் ப்ரூ' மோசம்னு சொல்லல, அய்யோ, அது வேற ஒரு மலை. ஆனா முதல் ஆல்பம் ரெக்கார்ட் ஆனது 1959-ல. ரெண்டாவது 1969 ஆகஸ்டுல. நடுவுல பத்து வருஷம். மைல்ஸைத் தவிர மத்த அத்தனை ஆளும் வேற. பேர் ஒண்ணா இருக்கிறதால ரெண்டும் பக்கத்து வீடுன்னு நினைச்சுட்டான் பாவம்.

இப்போ இதையே பாஸ் வாசிச்சவர் பேரை வெச்சுப் போயிருந்தா? அவர் பேர் பால் சேம்பர்ஸ்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ' முதல் பாட்டு 'சோ வாட்'டை எத்தனையோ பேர் ஆயிரம் தடவை கேட்டிருப்பீங்க. உலகத்துலயே அதிகமா தெரிஞ்ச ஜாஸ் மெட்டுகள்ல ஒண்ணு. அந்த மெட்டை வாசிக்கிறது யாரு? மைல்ஸ் இல்ல. கோல்ட்ரேனும் இல்ல. பியானோவும் பாஸும் சேர்ந்து தயங்கித் தயங்கி ஒரு முன்னுரை மாதிரி வாசிக்கும். அது முடிஞ்சதும் பாஸ் தனியா மெட்டை எடுக்கும். மத்தவங்க எல்லாம் ரெண்டே ரெண்டு ஸ்வரத்துல "ஆமாம்" போடுவாங்க. பாஸ் கேள்வி கேக்கும், பெரிய ஜாம்பவான்கள் எல்லாம் பதில் சொல்லுவாங்க. ஒன்றரை நிமிஷம் போனதுக்கப்புறம் தான் ஜிம்மி காப் ஒரு சிம்பலைத் தட்டி மைல்ஸுக்குக் கதவைத் திறந்து விடுவார். அதை ரெக்கார்ட் பண்ணின 1959 மார்ச் 2 அன்னிக்கு சேம்பர்ஸுக்கு வயசு 23. ரெண்டாவது நாள் ரெக்கார்டிங் ஏப்ரல் 22. அன்னிக்கு அவரோட 24-வது பிறந்தநாள்! எனக்கு இப்போ 28 ஆகுது, என் பிறந்தநாளைக்கு நான் புரொடக்ஷன் பக் சரி பண்ணிக்கிட்டு இருந்தேன் :-)

சரி, அவர் பின்னாடியே போவோம். அதே 1959, மே 4, 5 தேதிகள். அந்தப் பிறந்தநாள் முடிஞ்சு ரெண்டு வாரம் கூட ஆகல. கோல்ட்ரேனும் சேம்பர்ஸும் இன்னொரு ஸ்டுடியோவுல 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' ஆல்பத்துக்காக உக்காந்திருக்காங்க. 'சோ வாட்' முழுக்க ரெண்டே ரெண்டு ஸ்கேல்ல தான் நடக்கும், நிம்மதியா உலாத்தலாம். 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பாட்டுலயோ 16 பாருக்குள்ள 26 தடவை கார்டு மாறும், அதுவும் தலைதெறிக்கிற வேகத்துல. பியானோ வாசிச்ச டாமி ஃபிளனகன் லேசுப்பட்ட ஆள் இல்ல. அவரே தன்னோட சோலோவுல விட்டு விட்டு, தேடித் தேடி வாசிக்கிறது நல்லாவே கேக்கும். (இருபது வருஷத்துக்கு மேல கழிச்சு 1982-ல அதே பாட்டை மறுபடி எடுத்து தன் பேர்லயே ஆல்பமா போட்டார் மனுஷன். அந்த வைராக்கியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.) கீழே சேம்பர்ஸ் மட்டும் ஒரு அடி தவறாம நடந்துக்கிட்டே இருப்பார். ஒரு மாசத்துக்குள்ள ஜாஸ் ரெண்டு எதிர்த் திசையில பிச்சுக்கிட்டு ஓடியிருக்கு. ரெண்டுக்கும் தரை போட்டுக் கொடுத்தது ஒரே ஆள். அந்த ஆல்பத்தோட கடைசிப் பாட்டுக்கு கோல்ட்ரேன் வெச்ச பேர் 'மிஸ்டர் பி.சி.'. பி.சி.ன்னா பால் சேம்பர்ஸ் தான்.

இன்னும் போங்க. 'ப்ளூ டிரெய்ன்', 1957 செப்டம்பர். கோல்ட்ரேன் பேர்ல வந்த ஆல்பம், பாஸ் நம்மாளு. டிரம்பெட் வாசிச்ச லீ மார்கனுக்கு அப்போ 19 வயசு. ரெக்கார்ட் பண்ணின இடம் எதுன்னு நினைக்கிறீங்க? நியூ ஜெர்சி ஹேக்கன்சாக்ல ரூடி வான் கெல்டர்னு ஒருத்தர் தன்னோட அப்பா அம்மா வீட்டு ஹால்ல வெச்சிருந்த ஸ்டுடியோ! சானி கிளார்க்கோட 'கூல் ஸ்ட்ரட்டின்', 1958. ஹேங்க் மோப்ளியோட 'சோல் ஸ்டேஷன்', 1960. ஆலிவர் நெல்சனோட 'தி ப்ளூஸ் அண்ட் தி ஆப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்', 1961. அட்டையில ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு பேர், அஞ்சு லிஸ்ட்டுல அஞ்சு இடத்துல சிதறிக் கிடக்கும். பாஸ் எல்லாத்துலயும் ஒரே ஆள். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பிடிச்சவனுக்கு இதுல ஒண்ணு கூட அந்நியமாத் தெரியாது. அந்தப் பையனுக்கு 'சோல் ஸ்டேஷன்' தான் போட்டுக் கொடுத்தேன். இப்போ ஒழுங்கா இருக்கான்.

இதுல ரொம்ப வேடிக்கையானது ஆர்ட் பெப்பரோட 1957 ஆல்பம். பேரே 'ஆர்ட் பெப்பர் மீட்ஸ் தி ரிதம் செக்ஷன்'. எந்த ரிதம் செக்ஷன்? மைல்ஸ் குழுவில இருந்த ரெட் கார்லண்ட், பால் சேம்பர்ஸ், ஃபில்லி ஜோ ஜோன்ஸ். தலைப்பு வெக்கிற அளவுக்கு அந்த மூணு பேருக்கு மவுசு இருந்திருக்கு, ஆனா தலைப்புல மூணு பேரோட பேருக்கு இடமில்ல! அன்னிக்குக் காலையில தான் ரெக்கார்டிங்கே தெரியும், வாத்தியத்தைத் தொட்டே ரொம்ப நாளாச்சுன்னு பெப்பர் தன் சுயசரிதையில எழுதியிருக்கார். அதை நம்பாதவங்களும் உண்டு. எது எப்படியோ, கேட்டா நடுங்கின மாதிரியே தெரியாது. பின்னாடி அந்த மூணு பேர் இருந்தா யாருக்குத் தான் நடுங்கும்?

சரி, பேர் விட்டுப் போனா என்ன பெரிய நஷ்டம்னு கேக்கலாம். காசு மேட்டர் இருக்கு சார். ரெண்டு உதாரணம் சொல்றேன்.

'டைம் அவுட்' ஆல்பத்துல 'டேக் ஃபைவ்' எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அதை புரூபெக் பாட்டுன்னு தான் சொல்வாங்க. எழுதினது சாக்ஸபோன் வாசிச்ச பால் டெஸ்மண்ட். அவர் பேர் அதுல ஒழுங்கா ஏறியிருந்தது. 1977-ல அவர் இறந்தப்போ அந்தப் பாட்டோட ராயல்டியை அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வெச்சுட்டுப் போனார். அந்த ஒரு வரி சரியா இருந்ததால இத்தனை வருஷமா அவர் ஆசைப்பட்ட இடத்துக்குப் பணம் போகுது.

அந்தப் பக்கம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'ல 'ப்ளூ இன் கிரீன்'. ஆல்பத்துல எழுதினவர்னு மைல்ஸ் பேர் மட்டும். பியானோ வாசிச்ச பில் எவன்ஸ் அது தன்னோட பாட்டுன்னு பின்னாடி பேட்டியில சொன்னார். அதே வருஷக் கடைசியில எவன்ஸ் தன்னோட 'போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்' ஆல்பத்துக்கு அதை வாசிச்சப்போ ரெண்டு பேர் பேரும் போட்டிருந்தது. எவன்ஸ் பங்கு கேட்டதுக்கு மைல்ஸ் 25 டாலருக்கு ஒரு செக் எழுதிக் கொடுத்தார்னு ஒரு கதை ஜாஸ் எழுத்துல திரும்பத் திரும்ப வரும். அமெரிக்காவுல மட்டும் 50 லட்சம் பிரதிக்கான சான்றிதழ் வாங்கின ஆல்பம் அது. கணக்கு நீங்களே போட்டுக்குங்க.

ரிலீஸ் முடிஞ்சதும் வர்ற நன்றி மெயில்ல யார் பேர் இருக்கும், யார் பேர் இருக்காதுன்னு பாத்துப் பழகின நம்ம தொழில் ஆளுங்களுக்கு இதுல ஒண்ணும் புதுசு இல்ல. அங்கயாவது யார் எந்த வரியை எழுதினாங்கன்னு கோட் ஹிஸ்டரியில தேடிப் பாத்துக்கலாம்.

"தலைவர் தானேப்பா எல்லாத்தையும் தீர்மானிக்கிறார்?"னு எதிர்வாதம் வரும். நியாயம் தான். எவன்ஸ் 1958 கடைசியிலயே மைல்ஸ் குழுவை விட்டுப் போயிட்டார். வழக்கமா வாசிக்கிற பியானோக்காரர் வின்டன் கெல்லி அங்கேயே இருக்கும்போது, எவன்ஸைத் திரும்பக் கூப்பிட்டு உக்கார வெச்சது மைல்ஸோட மூளை. கெல்லிக்குக் கிடைச்சது 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' ஒரே ஒரு பாட்டு. அதுலயும் அந்தாளு பட்டையக் கிளப்பியிருப்பார். யாரை எப்போ கூப்பிடணும்னு தெரிஞ்சது தலைவரோட பெருமைன்னு ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பெருமையே அவர் கூப்பிட்ட ஆள் யாருன்னு தெரிஞ்சா தானே நமக்குப் புரியும்? கெல்லிக்கும் எவன்ஸுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு மைல்ஸோட சாமர்த்தியமும் பாதி தான் தெரியும்.

இன்னொரு சிக்கல் இந்தக் காலத்துக்கே உரியது. அந்த நாள் இசைத்தட்டுல அட்டையைத் திருப்பினா பின்பக்கம் யார் என்ன வாசிச்சாங்கன்னு இருக்கும். இப்போ போன்ல ஓட விடறோம். திரையில தெரியறது பாட்டு பேர், தலைவர் பேர், ஒரு குட்டிப் படம். சில செயலிகள்ல உள்ள போய்த் தோண்டினா விவரம் கிடைக்கும், ஆனா யார் தோண்டறாங்க? போதாக்குறைக்கு டபுள் பாஸோட அடித் தந்தி கிட்டத்தட்ட 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கர்ல அந்த ஒலி வரவே வராது. ஆக நம்ம சேம்பர்ஸ் திரையிலயும் இல்ல, காதுலயும் இல்ல. தயவு செஞ்சு ஹெட்போன்ல கேளுங்க மக்கா.

சேம்பர்ஸ் 20 வயசுல மைல்ஸ் கூட சேர்ந்தார். 1963 வாக்கில விலகி கெல்லி, காப் கூட மூவர் குழுவா வாசிச்சார். 1969 ஜனவரி 4, நியூயார்க்ல காசநோயில இறந்துட்டார். வயசு 33. அந்த ஆல்பத்துல வாசிச்சவங்கள்ல கடைசியா இருந்த ஜிம்மி காப் 2020-ல, 91 வயசுல போனார். நேர்ல போய் "அன்னிக்கு என்ன நடந்துச்சு"ன்னு கேக்க அந்த ரூம்ல வாசிச்ச ஒருத்தரும் இப்போ இல்ல. ரெக்கார்டும், அதுல யார் எதை வாசிச்சாங்கங்கற குறிப்பும் தான் மிச்சம்.

அவர் பேர்லயே வந்த ஆல்பங்களும் இருக்கு, கொஞ்சம் தான். 1957-ல வந்த 'பாஸ் ஆன் டாப்' முதல்ல எடுங்க. பியானோ ஹேங்க் ஜோன்ஸ், கிட்டார் கென்னி பரெல், டிரம்ஸ் ஆர்ட் டெய்லர் (பாத்தீங்களா, நானே எல்லார் பேரையும் சொல்லிட்டேன்). முதல் பாட்டு 'யெஸ்டர்டேஸ்'. தந்தியை விரலால சுண்டாம வில் போட்டு இழுப்பார். கரகரன்னு, தொண்டை கட்டின பெரியவர் பாடற மாதிரி இருக்கும். சில பேருக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. எனக்கு அது உயிர்.

அடுத்து ஃபில்லி ஜோ ஜோன்ஸைப் பிடிச்சுக்கிட்டுப் போகலாம்னு இருக்கேன். அவர் டிரம்ஸ் வாசிச்சதுல உங்களுக்குப் பிடிச்சது எது? மைல்ஸ் குழுவுக்கு வெளியில இருந்து சொல்லுங்க.