மலேரியா போய்விட்டது; காவல் போகலாமா?

இலங்கை மண்ணில் தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. இல்லாத நோய்க்கு எதற்கு இத்தனை ஆளும் பணமும் என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆனால், அப்படி நினைத்துக் கையை விட்டதற்கு இந்த நாடு ஏற்கெனவே ஒருமுறை விலை கொடுத்திருக்கிறது.

1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். மழை பொய்த்து, ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. அப்படித் தேங்கும் தெளிந்த நீர்தான் மலேரியா நுளம்புக்குத் தோதான இடம். விளைச்சலும் இல்லாத காலம் அது. பட்டினி கிடந்த உடம்புகளைக் காய்ச்சல் எளிதில் சாய்த்தது.

பிறகு டிடிடி என்ற பூச்சிமருந்து வந்தது. 1963இல் நாடு முழுவதும் பதிவான நோயாளிகள் வெறும் 17 பேர். வென்றுவிட்டோம் என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். 1969இல் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது.

இந்த நோய் எப்போதும் விளிம்பில் இருப்பவர்களைத்தான் தேடிப் பிடிக்கும். இரத்தம் குடித்த நுளம்பு சுவரில் போய் உட்காரும். அங்கே அடித்த மருந்து பட்டுச் சாகும். மருந்தடிப்பின் சூட்சுமமே இதுதான். ஆனால் சேனைப் பயிருக்குக் காவலிருப்பவரின் குடிலில் மருந்தடிக்கச் சுவர் ஏது? இரத்தினக்கல் தேடித் தோண்டிக் கைவிட்ட குழிகளில் மழைநீர் நிற்கிறது. தோண்டியவர்கள் பக்கத்திலேயே தார்ப்பாய்க்குக் கீழ் படுத்துறங்குகிறார்கள். நகரத்தை மனதில் வைத்துத் தீட்டும் எந்தத் திட்டமும் இவர்களை எட்டாது.

1999இல்கூட 2 லட்சத்து 64 ஆயிரம் பேருக்கு நோய் இருந்தது. அதைப் பூச்சியமாக்கியது நேரில் போய்ச் செய்த வேலை. நடமாடும் கிளினிக்குகள் காட்டோரக் கிராமங்களுக்குச் சென்று, காய்ச்சல் வருமுன்பே இரத்தம் பார்த்தன. போர் நடந்த வடக்கு, கிழக்கிலும் மருந்தூட்டிய வலைகள் போய்ச் சேர்ந்தன. அந்த ஊழியர்களுக்கு இந்த நாடு இன்னும் முறையாக நன்றி சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆபத்து இப்போதும் வாசலில்தான் நிற்கிறது. 2016 இறுதியில், இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் ஸ்டீபென்சி நுளம்பு மன்னார்க் கிணறுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. கிணறும் தண்ணீர்த் தொட்டியும் போதும் அதற்கு, காடு வேண்டாம். ஆப்பிரிக்காவுக்குக் கல் வியாபாரத்துக்கும் அமைதிப்படைப் பணிக்கும் போய்வருவோர் உடம்பில் கிருமி வந்துகொண்டே இருக்கிறது. காய்ச்சல் என்றால் டெங்குதான் என்று நினைக்கும் இளம் மருத்துவர்களில் பலர் மலேரியா நோயாளியைக் கண்ணால் கண்டதேயில்லை. நோயை அறியாமல் வளரும் நம் குழந்தைகளுக்கு அதைத் தாங்கும் எதிர்ப்புச் சக்தியும் இல்லை.

ஆகவே மலேரியா ஒழிப்பு இயக்கத்தின் ஆளணியிலும் நிதியிலும் அரசு கைவைக்கக் கூடாது. மலேரியா உள்ள நாட்டுக்குப் போகிறவர்கள் அவ்வியக்கம் இலவசமாகத் தரும் தடுப்பு மாத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், போய்வந்த நாட்டின் பெயரை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.